கேமராவுக்கு முன்னால் ஓர் அடியாள்

என் தம்பி ரெய்னோ மாக்கெலா பத்து வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கி ஐஸ் ஹாக்கி ஆடியவன். அவன் கோல் போட்டு நான் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒன்று எதிராளியின் பின்புறத்தில் பட்டுத் தெறித்து உள்ளே போனது. கோல் போடுவதற்காக அவனை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அவன் அணியின் அடியாள். கோல் போடுகிற குட்டிப் பையன்களை எவனாவது களத்தைச் சுற்றியுள்ள பலகையோடு வைத்து நசுக்கினால், ரெய்னோ போய் அந்த ஆளின் முகத்தைப் பெயர்த்துவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. கனடாவின் வடக்கே எங்கள் ஊரான டிம்மின்ஸில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட அது தெரியும். முதலில் கேட்க வேண்டும்: "போலாமா?" எதிராளி தலையாட்டினால் இருவரும் கையுறைகளைக் கழற்றி ஐஸில் எறிய வேண்டும். அதன்பிறகு எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் விழுந்தவனைத் தொடக்கூடாது. முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு களத்தோரத் தண்டனைக் கூண்டுக்குள் போய்ப் பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கேட்காமல் அடிப்பவனை அவன் சொந்த அணிக்காரனே மதிக்க மாட்டான். ரெய்னோ ஒரு தடவைகூடக் கேட்காமல் கையை ஓங்கியதில்லை. அந்தக் கர்வம் அவனுக்கு நிறைய உண்டு. எனக்கும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

சட்பரி நகரத்தில் நடந்த ஆட்டத்தில் டேல் ஹிரிசிக் என்ற சஸ்காச்சுவான்காரனோடு அவன் மோதியதை நான் நேரில் பார்த்தேன். இருவரும் இடது கையால் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு, வலது கையால் மாறி மாறி இறக்கினார்கள். ஆணி அடிக்கிற மாதிரி. ஒருவரும் தலையை ஒதுக்கவில்லை. டேலின் கண்ணுக்குக் கீழே எலும்பு உள்ளே போனது எனக்கு மூன்றாம் வரிசையில் கேட்டது. அப்புறம் டேலின் கை ஒன்று ரெய்னோவின் தாடையில் சரியாக விழுந்தது. என் தம்பி நின்ற நிலையிலேயே தூங்கிப்போய்ப் பின்பக்கமாகச் சாய்ந்தான். தலை ஐஸில் மோதி ஒருமுறை எகிறி மறுபடியும் மோதியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் தட்டவில்லை.

ரெய்னோ எழுந்ததும் சிரித்தான். முன்பற்கள் இரண்டைக் காணோம். கூண்டிலிருந்தபடியே உதவியாளரிடம் இது எந்த ஊர் என்று கேட்டானாம். மறுவாரம் அணி மருத்துவர் வைத்த கணினிப் பரிசோதனையில் தேறி, மறுபடியும் களத்தில் இறங்கி, வேறொருவனிடம் "போலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை தடவை மண்டையில் அடிபட்டாலும் அந்தப் பரிசோதனையில் மட்டும் அவன் தவறியதே இல்லை. எங்கள் அம்மா அதைத் தெய்வச் செயல் என்றாள்.

ஹாக்கியை விட்டு ஊருக்குத் திரும்பியபின் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். லாரி அவனுக்குப் பிடித்திருந்தது. உயரத்தில், தனியாக, யாரையும் அடிக்க வேண்டாத வேலை. ஆனால் கை வீட்டில் நீள ஆரம்பித்தது. முதலில் சுவர்கள். நெஞ்சு உயரத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு முட்டி அளவு. ஒரு நாள் ஓட்டை மனைவி ஷானாவின் காதுக்கு அருகில் விழுந்தது. அவள் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சுவரைத்தானே அடித்தேன் என்று ரெய்னோ என்னிடம் நியாயம் கேட்டான். அவள் திரும்பி வரக்கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

போன டிசம்பரில் பதினொன்றாம் நெடுஞ்சாலையில் சாலையோரம் நின்றிருந்த பனி அள்ளும் வண்டியின் பக்கவாட்டை லாரியால் கிழித்துக்கொண்டு போனான். உள்ளே இருந்தவன் பிழைத்தது அதிர்ஷ்டம். பிரேக்கைத் தொட்ட அடையாளமே சாலையில் இல்லை. அரசு அவனுடைய உரிமத்தை நிறுத்தி வைத்து, மூளை மருத்துவர் சரி என்று எழுதித் தந்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்றது. லாரி போனால் அவனுக்கு வேறொன்றும் மிச்சமில்லை. அதை அவனும் சொன்னான், எனக்கும் தெரியும்.

டொரொண்டோவில் இருந்த மருத்துவர் ஒரு பெண்மணி. அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே கணினிக் கேமராவில் பதிவு செய்து அனுப்புங்கள் என்றார். விரல்களைச் சேர்த்துச் சேர்த்துத் தட்ட வேண்டும். மூக்கைத் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாக, பக்கத்தில் ஒருவர் "இப்போ" என்று சொல்லும்போதெல்லாம் மேஜையை உள்ளங்கையால் அடிக்க வேண்டும். ரெய்னோ அண்டை வீட்டுக்காரனை வைத்துப் பதிவு செய்து அனுப்பினான். படம் திக்கித் திக்கி வருகிறது, குரல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகின்றன, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சரிசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

அவன் என்னைக் கூப்பிட்டான். நான் பள்ளி வாரியத்தில் கணினி பழுது பார்ப்பவள். வகுப்புகள் எல்லாம் வீட்டிலிருந்து நடந்த அந்த இரண்டு வருடங்களில் இந்த வட்டாரத்து வாத்தியார்களின் கேமராக்கள் அத்தனையையும் திட்டித் தீர்த்திருக்கிறேன், படத்தோடு ஒட்டாத சத்தத்தை நகர்த்திச் சேர்த்தும் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே மூச்சு உறைகிற குளிர். அவன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். மஞ்சள் பல்பு ஒன்று. ஒரு மூலையில் வெந்நீராவிக் குளியலுக்கான சவுனா அறை, அதன் வாசலில் துணி மாற்ற உட்காரும் மரப்பெஞ்சு. மேஜையில் கணினி, அதன் விசிறி நாய் இரைப்பது போல இரைந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் பழைய ஹாக்கிச் சண்டைகள் பத்துப் பன்னிரண்டு ஜன்னல்களில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"இது கம்ப்யூட்டராடா, குப்பைத்தொட்டியா?"

"நீ வாங்கிக் குடுத்ததுதானேக்கா, உன்னை மாதிரியே கத்துது" என்றான்.

சண்டைகளையெல்லாம் மூடினேன். இரைச்சல் அடங்கியது. கேமராவின் வயர் ஒரு பிரிப்பானில் செருகியிருந்தது, அதே பிரிப்பானில் அவனுடைய பழைய ஆட்டங்கள் நிரம்பிய டிஸ்க்கும் அச்சு இயந்திரமும் தொங்கின. ஒரே குழாயில் மூன்று பேர் தண்ணீர் பிடித்தால் யாருக்கு வரும்? கேமராவைப் பிடுங்கி நேராகக் கணினியில் செருகினேன். பதிவின் அளவு சினிமாக் கொட்டகைக்குக் காட்டுகிற மாதிரி வைத்திருந்தான். அதைப் பாதியாகக் குறைத்தேன். மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று கணினி சோம்பிக் கிடந்ததையும் நிறுத்தினேன்.

பாதிதான் சரியானது. மீதி இருட்டு. வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்துக்கொள்கிறது, அதனால் ஒரு நொடிக்கு முப்பது படம் பிடிக்க வேண்டியது ஏழு எட்டோடு நின்றுவிடுகிறது. கை மேலே இருப்பது தெரியும், அடுத்து மேஜைமேல் இருப்பது தெரியும், நடுவில் நடந்தது தொலைந்துபோகும். லாரியின் அடியில் படுத்து வேலை பார்க்கும் பெரிய விளக்கை எடுத்து வரச் சொன்னேன். அதை அவன் முகத்துக்கு நேரே வைத்து, கேமரா தானாக வெளிச்சம் கூட்டிக்கொள்ளும் வசதியையும் அணைத்தேன்.

அந்த வெளிச்சத்தில் அவனை நன்றாகப் பார்த்தேன். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. புருவம் முழுக்கத் தையல் தழும்பு. வலது கையில் முட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடும் இல்லை, எல்லாம் உடைந்து உள்ளே அமுங்கிவிட்டன. அசையாமல் உட்காரச் சொல்லி அவனைத் திட்டினேன்.

வேலை நடக்கும்போது அவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். மருத்துவர் அவனுடைய பழைய பரிசோதனைத் தாள்களை வரவழைத்துப் பார்த்தாராம். இப்போது கணினியில் எடுத்த புது அளவு மோசம்தான், ஆனால் பழைய அளவும் ஏறக்குறைய அதேதான், பெரிய சரிவு இல்லை என்றாராம். இந்த வீடியோவும் சரியாக வந்தால் உரிமம் கையில்.

"பழைய அளவு எப்படிடா அவ்வளவு மோசமா இருந்துச்சு? அப்ப உனக்கு இருபது வயசு" என்று கேட்டேன்.

சிரித்தான். "சீசன் தொடங்குறப்ப எடுப்பாங்கல்ல, அப்ப வேணும்னே பட்டனை மெதுவா அமுக்கணும்க்கா. அப்புறம் மண்டையில அடி வாங்கி நெஜமாவே மெதுவாப் போனாலும் பழசும் புதுசும் ஒண்ணாத்தான் இருக்கும். உடனே ஆடலாம்னு விட்டுருவாங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான். உள்ள போன முதல் நாளே சொல்லிக் குடுத்துருவானுங்க."

அம்மா தெய்வச் செயல் என்றது இதைத்தான். அடிபட்டுக் கலங்கிய மூளையோடு ஒவ்வொரு தடவையும் அவனே தன்னைக் களத்துக்குள் தள்ளியிருக்கிறான். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துச் சிரிக்கிறான். அந்த நிமிடத்திலேயே அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

பதிவைத் தொடங்கினேன். கேமரா சரியாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. அதன் முன்னால் நின்று கையைப் பட்டென்று தட்டுவேன். ஓட்டிப் பார்க்கும்போது கைகள் சேர்கிற கணமும் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். தட்டினேன். பிறகு அவன் உட்கார்ந்தான். நான் "இப்போ" என்றேன், மேஜையை அடித்தான். மறுபடி "இப்போ". மறுபடி. இருபது தடவை இருக்கும்.

ஓட்டிப் பார்த்தோம். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. என் கைகள் சேர்ந்தன, சத்தம் வந்தது, ஒன்றாக. அடுத்து என் குரல் "இப்போ" என்றது. அவன் கை சும்மா இருந்தது. அதன்பிறகு எழுந்தது, அதன்பிறகு விழுந்தது. ஒவ்வொரு தடவையும். இரண்டு இடத்தில் நான் அடுத்த "இப்போ" சொல்லப் போகும்போதுதான் முந்தையதற்கு அடித்தான்.

"இன்னும் சரியாகலக்கா. லேட்டாத்தான் வருது" என்றான்.

நான் அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனை "இப்போ" சொல்லச் சொன்னேன். அதே கேமரா, அதே விளக்கு. ஓட்டிக் காட்டினேன். அவன் சொல்லி முடிக்குமுன் என் கை மேஜையில் இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வாத்தியாருங்களுக்கு சவுண்டை நகர்த்திக் குடுப்பேன்னு சொன்னியே. என்னோடதையும் நகர்த்திரு. நீ சொல்றதைக் கொஞ்சம் பின்னால தள்ளிட்டா போதும்."

முடியும். ஒரு நிமிட வேலை. நான் முடியாது என்றேன். பதினொன்றாம் நெடுஞ்சாலையில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் இறங்குவார்கள், மலையளவு மரத்தை ஏற்றிக்கொண்டு நீ வருவாய், அதைப் பார்த்தபிறகு உன் கால் எப்போது பிரேக்குக்குப் போகும் என்று கேட்டேன். கேமராவில் அடுத்த பதிவைத் தொடங்கினேன், உன் விரல்களையும் மூக்கையும் எடுப்போம், உள்ளதை உள்ளபடி அனுப்புவோம் என்றேன். அவன் கெஞ்சினான். நான் மறுத்தேன். அவன் அழுதான். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, வாயைக் கொடுத்தேன்.

"ஷானா காதுகிட்ட விழுந்தது ரோட்டுல யாரு தலையில விழணும்ங்கிற?"

அவன் கேட்கவில்லை. போலாமா என்று கேட்கவில்லை. இடது கை என் ஸ்வெட்டரின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துத் தலைக்கு மேலே கவிழ்த்தது. ஐஸில் எதிராளியின் சட்டையைக் கவிழ்த்து, கண்ணையும் கையையும் கட்டிப்போட்டு அடிப்பார்களே, அது. கம்பளி இருட்டுக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை. முதல் அடி வாயில். பல் நாக்கின்மேல் வந்து விழுந்ததை உணர்ந்தேன். இரண்டாவது மூக்கில். காலால் உதைத்தேன், அது அவன் முழங்காலில் பட்டது, சுவரை உதைத்த மாதிரி இருந்தது. நான் விழுந்தேன். நாற்காலி என்மேல் விழுந்தது. விழுந்தபிறகும் ஒன்று வந்தது, விலாவில்.

அதோடு நின்றது. ஸ்வெட்டரைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு, கொல்லத்தான் போகிறான் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் பக்கமே பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, சவுனா வாசலுக்கு நடந்துபோய் மரப்பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்கால்களில் கைகளை ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. கைமுட்டியிலிருந்து என் ரத்தம் தரையில் சொட்டியது. அவன் கூண்டில் இருந்தான். நேரம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

நான் நகரவில்லை. மாடிப்படி அவன் பக்கத்தில்தான் இருந்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு தரையிலேயே கிடந்தேன். இவ்வளவு கோபம் என் வாழ்நாளில் எனக்கு யார்மீதும் வந்ததில்லை.

ஐந்து நிமிடம் இருக்கலாம். தலையை நிமிர்த்தினான். என்னைப் பார்த்தான். எழுந்து ஓடிவந்து என் பக்கத்தில் மண்டியிட்டான்.

"அக்கா, என்னக்கா ஆச்சு? வாயெல்லாம் ரத்தமா இருக்கே."

நான் அவனையே பார்த்தேன். நடிக்கிறானா என்று தேடினேன். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் காது சிவக்கும். காது சிவக்கவில்லை.

"யாரு அடிச்சது? பேரச் சொல்லு" என்றான். வலது கை ஏற்கெனவே மூடியிருந்தது. மாடிப்படியைப் பார்த்தான். என்னை அடித்தவனைத் தேடிப்போக எழுந்தேவிட்டான்.

சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பதிவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

படம் எங்கும் திக்கவில்லை. ஸ்வெட்டர் கவிழ்வது, கை பின்னால் போவது, வருவது, படுகிற சத்தம், எல்லாம் அதனதன் நேரத்தில் வந்தன. "இப்போ" என்றதற்கு அவ்வளவு தாமதித்த கை இதற்குத் தாமதிக்கவே இல்லை. பழைய சண்டைகளைப் பார்க்கும்போது உட்காருகிற மாதிரியே முன்னால் குனிந்து பார்த்தான். நான் விழுந்ததும் "விழுந்துட்டாளே" என்றான், வேறு யாரையோ பற்றி. அப்புறமும் கை இறங்கியது. திரையில் இருந்தவன் எழுந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தான். ரெய்னோ திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தான். பிறகு தன் முட்டியைப் பார்த்தான்.

"உன்கிட்ட கேட்டேனாக்கா?"

"இல்லடா."

அப்படியொரு முகத்தை யார் அடித்தபோதும் நான் அவனிடம் பார்த்ததில்லை. அவனைத் தொடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கை போகவில்லை.

கடைசியில் சொன்னான். "டாக்டருக்கு இதையும் அனுப்பு. எதையும் நகர்த்தாத."

அவனுடைய இரண்டு பதிவுகளையும் அவன் கண்முன்னாலேயே அனுப்பினேன். பல்லைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். மாடியில் அவன் தன் கார்ச் சாவியை எடுத்தான், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. வாசல்வரை போனவன் நின்றான். சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டான். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். மூக்கோடு சேர்ந்து வீங்கிய ஒரு கண் மூடிக்கொள்ள, நான் ஒற்றைக் கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.